வள்ளி திருமணம்: மேடையும் திரையும்

தமிழ் நாடக வரலாற்றினை எழுதப் புகுந்தோர் பலரும் இசைநாடகத்தைப் பற்றிக் கூறுமிடத்து, பேசும்படத்தின் வரவால் அது நலிவுற்றது என்னும் ஒரு வாக்கியத்தோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வாக்கியம் பொய்யன்று, ஆயினும் அதனோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. மேடையில் விடிய விடிய நடிக்கப்பெற்ற ஒரு நாடகம் படச்சுருளில் ஏறியபொழுது அதன் எப்பகுதி நிலைத்தது, எப்பகுதி கழிந்தது, கழிந்தமையால் அதன் பொருள் எவ்வாறு வேறுபட்டது என்பன இன்னும் போதிய அளவு ஆராயப்படாத வினாக்களாகும். இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இதனைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, தமிழகத்திலும் ஈழத்திலும் இசைநாடக மேடையில் மிகுதியாக நடிக்கப்பெற்றனவற்றுள் இஃது ஒன்று. இரண்டாவது, தமிழ்ப் பேசும்படம் தோன்றிய இரண்டே ஆண்டுகளில் திரைக்கு ஏறி, பின்னரும் மீண்டும் மீண்டும் படமாக்கப்பெற்ற நாடகம் இது. மூன்றாவதும் நமக்கு நெருங்கியதுமான காரணம், இதன் பொருள் திருமணம் என்பதாகும். ஒரு பெண் யாரை மணப்பது, யாருடைய சம்மதத்தோடு மணப்பது, குலம் வேறுபட்டவிடத்து அம்மணம் எவ்வாறு ஏற்கப்படுவது என்பவற்றை இந்நாடகம் பேசுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இவை இன்றும் ஆறிப்போன வினாக்கள் அல்ல.

கதையின் வேர்

வள்ளி முருகன் காதல் புராணம் படைத்த புதுக்கதை அன்று. நற்றிணையின் 82ஆம் பாட்டிலேயே தலைவன் தன் தலைவியை முருகனோடு சென்ற வள்ளிக்கு ஒப்பிடுகின்றான். அக்காலத்தே கேட்போர் அறிந்த கதையாக இருந்தாலன்றி அதனை உவமையாக ஆளுதல் இயலாது. தினைப்புனம், பரண், கவண், கிளியோட்டும் மகள், தப்பிவந்த மானைத் தேடுவான் போல் வந்து வினாவும் இளைஞன் என்னும் யாவும் குறிஞ்சித்திணையின் கருவும் உரியுமாக அமைந்தவை. வள்ளி கதை குறிஞ்சிக்கலியையும் குறுந்தொகையையும் படித்தவனுக்குப் பழகிய நிலம் ஆகும்.

கச்சியப்ப சிவாசாரியர் தமது கந்தபுராணத்தின் நிறைவில் வள்ளியம்மை திருமணப் படலத்தை அமைத்தபொழுது இவ்வகப்பொருள் மரபினை விட்டு விலகவில்லை. களவு, தோழியை இரத்தல், மடல் கூறுதல், இற்செறிப்பு, வெறியாட்டு, உடன்போக்கு என்னும் நிரலிலே கதை செல்கின்றது. தொடர்ந்துவந்த சுற்றத்தார் போரிட்டு வீழ்கின்றனர். வள்ளியின் சொல்லால் மீண்டும் எழுகின்றனர். பின்னர் ஊரிலே உறவினர் கூடி மணம் செய்விக்கின்றனர். கொடுப்போர் கொடுக்கக் கொள்வதும், கொடுப்போர் இன்றி உடன்போய்க் கொள்வதும் ஆகிய இரண்டனையும் தொல்காப்பியர் கற்பியலின் தொடக்கத்தில் ஏற்றுக்கொள்கின்றார். கந்தபுராணத்தில் அவ்விரண்டும் ஒரே மணத்தில் நிகழ்கின்றன: வள்ளி தானே செல்கின்றாள், பின்னர் சுற்றத்தார் கொடுக்கின்றனர். எது முதலில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

யாழ்ப்பாணத்துச் சைவ வாழ்வில் இப்புராணம் பெற்ற இடத்தினை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் இம்மண்ணின் பண்பாட்டினைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றே பெயரிட்டு வழங்கினார். ஒருவர் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பயன் சொல்லும் புராண படன முறை கோயில்தோறும் நிலவியது. திருமணப் படலங்கள் படிக்கப்பெறும் நாள் சிறப்புநாளாகக் கொள்ளப்பட்டது. எனவே வள்ளி நாடகம் தமிழகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தபொழுது, கதை தெரியாத ஒருவரேனும் அவையில் இருந்திருக்க மாட்டார். இதனோடு கதிர்காமத்தையும் சேர்த்து நோக்கல் வேண்டும். அங்கே முருகன் கோயிலினின்றும் புறப்படும் திருவிழா ஊர்வலம் வள்ளியம்மன் கோயிலுக்குச் செல்கின்றது. வேடர் வள்ளியைத் தம் குலமகளாகக் கொள்கின்றனர். தொண்டைநாட்டு வள்ளிமலைக் கதை ஈழத்திலே தனக்கென ஒரு நிலத்தையும் ஒரு குலத்தையும் தேடிக்கொண்டது.

சுவாமிகளின் பனுவல்

தூத்துக்குடியில் 1867 இல் தோன்றிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922 இல் மறைந்தார். நடிகராகத் தொடங்கி ஆசிரியராக உயர்ந்த அவர், புராண இதிகாசக் கதைகளையும் நாட்டுக் கதைகளையும் பாட்டும் வசனமும் விரவிய நாடகங்களாக்கினார். 1918 இல் மதுரையில் அவர் தொடக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, சிறுவர்களைப் பயிற்றி மேடையேற்றிய குழுக்களுள் புகழ்பெற்றது. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் முதலிய அவருடைய நாடகங்கள் ஒரு குழுவின் உடைமையாக நில்லாது மேடைக்கு வந்தோர் அனைவர்க்கும் பொதுச்சொத்தாயின.

இப்பொதுமையே 'ஸ்பெஷல் நாடகம்' என்னும் முறைக்கு அடிப்படையாயிற்று. ஓரூரிலிருந்து வேலன் வேடக்காரர், வேறோரூரிலிருந்து வள்ளி வேடக்காரர், மூன்றாம் ஊரிலிருந்து நாரதர், பிறிதோரூரிலிருந்து ஆர்மோனியக்காரர் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பெற்று, அன்றிரவு மேடையிலேயே முதன்முதலாக ஒன்றுகூடுவர். ஒத்திகை இல்லை. பாட்டும் காட்சி நிரலும் அனைவர்க்கும் மனப்பாடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் வரும் பேச்சு மட்டும் அவரவர் கல்விக்கும் நாவன்மைக்கும் விடப்பட்டிருந்தது.

வள்ளி திருமணத்தில் இவ்வுரிமை முழுவதும் வெளிப்படுமிடம் 'தருக்கம்' எனப்படும் பகுதியாகும். முதலில் நாரதர் புனத்துக்கு வந்து வள்ளியோடு வாதிடுகின்றார். அடுத்து வேலன் வேடனாக வந்து மானைக் கண்டதுண்டோ என வினவுகின்றான். ஊர் எது, பெயர் யாது என்று தொடங்கும் வினாவிடை, மெல்ல மெல்ல இல்லறம், துறவறம், பெண்மை, ஆண்மை, குலம், குணம் என்று விரிகின்றது. வள்ளி மறுக்கின்றாள், மறுப்பதற்குக் காரணம் காட்டுகின்றாள், வேலன் காட்டும் காரணத்தை உடைக்கின்றாள். நூலறிவு மிக்க இருவர் அமைந்துவிட்டால் இப்பகுதி மணிக்கணக்கில் நீள்வதுண்டு. வேலன் வேடக்காரர் விடையின்றித் திகைத்தால் அவையோர் வள்ளியின் பக்கம் நின்று ஆரவாரிப்பர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கதையின் முடிவு அவையோர் அனைவரும் அறிந்தது. வள்ளி முருகனை மணப்பாள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தருக்கத்தில் வெல்வது யார் என்பது அன்றிரவு நடந்து முடியும்வரை ஒருவர்க்கும் தெரியாது. சம்மதம் என்பது கேட்டுப் பெறவேண்டிய ஒன்று, கேட்பவன் கடவுளாயினும் வாதிட்டே பெறவேண்டும் என்னும் கருத்தினை நாடகத்தின் அமைப்பே நிலைநாட்டிவிடுகின்றது. தருக்கத்தில் வெல்ல இயலாத வேலன் கிழவேடம் பூணுகின்றான்; அதுவும் போதாமல் தமையனாகிய ஆனைமுகனை யானையாக வரவழைத்து அச்சுறுத்துகின்றான். அறிவினால் வெல்லப்படாத பெண்ணை அச்சத்தினால் அணைய வைத்தமை நகைச்சுவையாக நடிக்கப்பெறினும், அந்நகைக்குள் ஒரு விமரிசனம் இருக்கின்றது என்பது நம் கருத்து.

யாழ்ப்பாண மேடை

தமிழக நாடகக் குழுக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி தொடக்கம் ஈழத்துக்கு வந்து போயின. யாழ்ப்பாணத்தில் கொட்டகைகள் அமைத்து அவர்கள் நடித்த நாடகங்களை நம்மவர் கண்டனர்; கேட்டனர்; பின்னர் தாமும் நடித்தனர். வட்டக்களரியில் ஆடிய மரபுவழிக் கூத்திலிருந்து வேறுபடுத்தும் பொருட்டு இதனை டிறாமா மோடி என்றும், கொட்டகைக் கூத்து என்றும், ஸ்பெஷல் நாடகம் என்றும் வழங்கினர். இசைநாடகம் என்னும் பெயர் பின்னர் நிலைபெற்றது. இதன் வரலாற்றினைக் கலாநிதி காரை செ. சுந்தரம்பிள்ளை அவர்கள் தனிநூலாக ஆராய்ந்துள்ளார்.

தமிழிசை நாடகத்தின் தலைசிறந்த இணை ஒன்று இந்நாட்டிலே கூடியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது. 1926 இல் கொழும்பு மேடையிலே செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து வள்ளி திருமணத்தில் நடித்தனர். மறு ஆண்டு அவர்கள் வாழ்விலும் இணைந்தனர். மேடையில் தொடங்கிய தருக்கம் மணத்தில் முடிந்த கதையாக அதனை அக்கால இரசிகர் கொண்டாடினர். ஆயின் கிட்டப்பா முன்னரே மணமானவர் என்பதையும், 1933 டிசம்பரில் அவர் இளவயதில் மறைந்தபின் சுந்தராம்பாள் வெண்ணிற ஆடை பூண்டு வாழ்நாள் முழுவதும் அக்கோலத்திலேயே நின்றார் என்பதையும் நோக்கும்பொழுது, வள்ளியின் கதையும் வள்ளியாக நடித்தவரின் கதையும் எவ்வளவு வேறுபட்டன என்பது புலனாகும்.

யாழ்ப்பாணத்தில் இம்மரபினை நிலைநிறுத்தியவருள் முதன்மையானவர் காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) ஆவார். அவருடைய வசந்த கான சபாவின் அரிச்சந்திர மயான காண்டம் குடாநாட்டின் கோயில் வீதிகளில் எண்ணிறந்த தடவை நடிக்கப்பெற்றது. அதுவும் ஒருவகையில் மணவாழ்வைப் பற்றிய நாடகமே; ஆயினும் சந்திரமதி துன்பத்தைத் தாங்குபவள், வள்ளி வினாவைத் தொடுப்பவள். திருவிழாக் காலங்களில் இவ்விரு பெண்களையும் ஒரே அவை, ஒரே கோயில் வீதியில், பனையோலைப் பாயை விரித்து அமர்ந்து, பெற்றோமக்ஸ் ஒளியில் கண்டது.

அம்மேடையின் அமைப்பினையும் குறிப்பிடுதல் வேண்டும். மேடையின் ஒருபுறத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவையோர் காணவே அமர்ந்திருப்பர். ஆர்மோனியக்காரர் சுருதி கொடுப்பவர் மாத்திரமல்லர். பின்பாட்டுப் பாடுவார், நடிகர் தடுமாறினால் அடியெடுத்துக் கொடுப்பார், பபூனோடு பேசுவார். வள்ளி வேடத்தைப் பல காலம் ஆண்களே பூண்டனர். கலையரசு க. சொர்ணலிங்கம் (1889–1982) போன்றோர் பம்மல் சம்பந்த முதலியாரின் வழியில் சபா நாடகங்களை வளர்த்தகாலை, ஆங்கிலங் கற்றோர் அதனை நாடினர். இசைநாடகமோ உழவர், தொழிலாளர், சிறுவணிகர் ஆகியோரின் கலையாகவே பெரிதும் நின்றது. அதனாற்போலும் அதன் வரலாறு காலந்தாழ்த்தியே எழுதப்பட்டது.

திரையில் வள்ளி

தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931 ஒக்டோபரில் வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த படங்கள் பெரும்பாலும் மேடையில் வெற்றி கண்ட நாடகங்களே. ஒலிப்பதிவும் படப்பிடிப்பும் ஒரே நேரத்தில் நிகழவேண்டியிருந்தமையால் நடிகர் தாமே பாட வேண்டும்; ஒலிவாங்கிக்கு அண்மையில் நிற்கவும் வேண்டும். ஆகவே பாடத்தெரிந்த மேடை நடிகரே திரைக்கும் வேண்டப்பட்டனர். படப்பிடிப்புக் கருவி அவையோரின் முன்வரிசையில் அமர்ந்தவனைப் போல நின்ற இடத்திலேயே நின்று அவர்களை நோக்கியது. 'மேடை நாடகத்தைப் படம்பிடித்தல்' என்று பிற்காலத்தார் இகழ்ந்துரைக்கும் இம்முறை அக்காலத்தில் தொழில்நுட்பம் விதித்த தேவையாகும்.

வள்ளி திருமணம் 1933 இல் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தில், பி. வி. ராவின் இயக்கத்திற் படமாயிற்று. தமிழகத்தில் அப்பொழுது பேசும்படக் கலைக்கூடங்கள் இல்லாமையால் நடிகரும் வாத்தியக்காரரும் வடக்கே செல்லவேண்டியிருந்தது. வள்ளியாக நடித்தவர் டி. பி. ராஜலக்ஷ்மி. சிறுவயதிற் செய்விக்கப்பெற்ற மணம் முறிந்த நிலையில் மேடைக்கு வந்தவர் அவர். 1936 இல் மிஸ் கமலா என்னும் படத்தைத் தாமே இயக்கித் தமிழின் முதற் பெண் இயக்குநராகவும் விளங்கினார். சம்மதம் கேட்கப்படாமலே மணம் செய்விக்கப்பெற்ற ஒருவர், சம்மதத்தைத் தருக்கித்து வழங்கும் வள்ளியாகத் திரையில் தோன்றினார். படம் வெற்றி பெற்றது. எனினும் 1930களின் தமிழ்ப் படங்களுள் மிகப் பெரும்பகுதி அழிந்துவிட்டமையை ஈண்டு நினைத்தல் வேண்டும். நிலைக்கும் என்று கருதப்பட்ட படச்சுருள் கரைந்துபோக, காற்றோடு போகும் எனக் கருதப்பட்ட மேடைப்பாட்டு வாய்மொழியாக வாழ்ந்தது. கிட்டப்பா ஒரு படத்திலும் நடியாமலே மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டுகளில் நின்றது.

1945 இல் ஏவி. மெய்யப்பன் வெளியிட்ட ஸ்ரீ வள்ளி இக்கதையின் மிகப் புகழ்பெற்ற படவடிவமாகும். மேடையிலிருந்து வந்த டி. ஆர். மகாலிங்கம் வேலனாகவும் குமாரி ருக்மணி வள்ளியாகவும் நடித்தனர். மகாலிங்கத்தின் உச்சத்தாயிக் குரலுக்கு ருக்மணியின் பாட்டு ஈடாகவில்லை எனக் கருதிய மெய்யப்பன், படம் வெளிவந்த பின்னரும் பி. ஏ. பெரியநாயகியின் குரலை அவருடைய பாட்டுகளுக்குப் பொருத்தினார். பின்னணிப் பாடல் வளர்ந்த வரலாற்றில் இது முக்கியமான நிகழ்ச்சியாகப் பேசப்படுகின்றது. நமது ஆய்வுக்கு இதில் வேறொரு பொருளும் உண்டு. மேடையில் வள்ளியின் உடலும் குரலும் சொல்லும் ஒருவரிடமே இருந்தன. அவர் ஆணாயினும் பெண்ணாயினும் தாமே பாடி, தாமே வாதிட்டார். திரையிலோ ஒருவர் உருவம், ஒருவர் குரல், ஒருவர் வசனம் எனப் பாத்திரம் பகுக்கப்பட்டது. 1961 இல் டி. ஆர். ராமண்ணாவின் ஸ்ரீ வள்ளியில் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடித்தகாலை இப்பகுப்பு முற்றாக நிலைபெற்றிருந்தது. முன்னர் வேலனாயிருந்த மகாலிங்கம் அதில் நாரதராகத் தோன்றினார்.

மேடையையும் திரையையும் ஒப்பிடும்பொழுது மூன்று மாற்றங்கள் தெளிவாகத் தோன்றுகின்றன.

முதலாவது காலம். விடியும்வரை நீண்ட நாடகம் மூன்று மணி நேரத்துக்குள் அடக்கப்பட்டது. வெட்டுண்டவற்றுள் முதன்மையானது தருக்கமே. பாட்டை வெட்டினால் இரசிகர் பொறார்; யானையை வெட்டினாற் கதை நடவாது. எனவே வாதம் குறைந்தது.

இரண்டாவது நிலைபேறு. எஞ்சிய வாதமும் எழுதி முடிக்கப்பட்ட உரையாடலாயிற்று. எத்தனை முறை பார்ப்பினும் வள்ளி அதே இடத்தில் அதே விடையைக் கூறித் தோற்பாள். மேடையில் ஓரிரவு வென்று ஓரிரவு தோற்ற பெண், திரையில் என்றும் தோற்பவள் ஆனாள்.

மூன்றாவது பார்வை. மேடையின் அவையோர் வேலனையும் வள்ளியையும் ஒருங்கே, சமதூரத்தில் கண்டனர். அண்மைக் காட்சி வந்தபின் கருவி வள்ளியின் முகத்தை நாடிச் சென்றது. அவையோர் வேலனின் கண்கொண்டு அவளை நோக்கலாயினர். வாதிடுபவளாக இருந்தவள் காணப்படுபவளாக மாறினாள்.

இவ்வாறு கூறுவதால் திரைப்படம் கேடு மட்டுமே செய்தது என்பது நம் கருத்தன்று. கொட்டகைக்கு வர இயலாத பல்லாயிரவர்க்கு அது நாடகத்தைக் கொண்டுசென்றது. பெண் பாத்திரத்தைப் பெண்ணிடம் சேர்த்தது. நுட்பமான பாடல்முறைகள் சிலவற்றைக் காத்தது. யாழ்ப்பாணத்து இசைநாடகக்காரரும் படத்தைக் கண்டு பாட்டை மெருகேற்றினர். அதேவேளை படமெட்டுகளை நாடகத்துக்குள் நுழைத்துப் பழைய வண்ணமெட்டுகளைக் கைவிட்டனர். கொடுக்கலும் வாங்கலும் இருபாலும் நிகழ்ந்தன. ஆயின் கணக்குப் பார்க்குமிடத்து, கொடுக்கப்பட்டது பாட்டு, இழக்கப்பட்டது தருக்கம்.

மணமும் சமூகமும்

இவ்விழப்பு ஏன் பொருட்படுத்தத்தக்கது? விடையை யாழ்ப்பாணத்து மணமுறையில் தேடுதல் வேண்டும். இக்குடாநாட்டின் வழக்காறுகள் ஒல்லாந்தர் காலத்தில், 1707 அளவில், தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பாயின. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் சொத்துப் பாகுபாடு அதன் முதுகெலும்பு. சீதனம் பெண்ணுக்குரியது; அவ்வகையில் அது பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு என வாதிடுவோர் உளர். ஆயினும் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தனக்குரிய காணியையேனும் கணவனின் எழுத்துமூலமான சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. 1947 இல் நிகழ்ந்த திருத்தமும் இதனை நீக்கவில்லை. பெண் பெயரில் உறுதி. உறுதியின்மேல் ஆண் கையொப்பம்.

இச்சட்டத்தின்கீழ் வாழ்ந்த மக்களே, கோயில் வீதியில் அமர்ந்து, சீதனம் பேசாத ஒரு மணத்தை விடியும்வரை கண்டு மகிழ்ந்தனர். சாதகம் பார்க்கப்படவில்லை, தரகர் வரவில்லை, மாப்பிள்ளை கடவுளாயிருந்தும் தானே வந்து கேட்க வேண்டியிருந்தது. பெண் வேட்டுவர் குடியிற் பிறந்தவள். விடிந்தபின் அவ்வவையோர் வீடு சென்று தம் மகளுக்குச் சாதகம் பார்த்தனர், சாதி பார்த்தனர், சீதனக் காணிக்கு எல்லை பார்த்தனர். நாடகம் அவர்களை மாற்றிவிட்டது என நாம் கூறவில்லை. எனினும் ஆண்டுக்கு ஓரிரவாவது, மறுக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்பதும், குலம் மணத்துக்குத் தடையன்று என்பதும், ஊரறியக் கோயில் முன்றலில் ஒலித்தன. அவ்வொலி கேட்டுப் பழகிய செவிக்கும் கேளாத செவிக்கும் வேறுபாடு உண்டு.

குலத்தைப் பற்றிய வினா முருகன் கோயிலின் வாயிலிலேயே எழுந்த காலமும் உண்டு. 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் கோயிற் கதவுகள் பல அடைந்தே கிடந்தன. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதன் எழுதிய கந்தன் கருணை, காத்தவராயன் கூத்தின் சிந்துநடையைத் தழுவி அம்பலத்தாடிகளால் மேடையேற்றப்பெற்றது. குறமகளை மணந்த கடவுளின் வாயிலில் குலம் கூறித் தடுப்பது எங்ஙனம் என்னும் கேள்வி, வள்ளி நாடகத்தைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு விளக்கவுரை இன்றியே விளங்கக்கூடியது. காத்தவராயன் கூத்தும் ஆரியமாலையை மணக்க விரும்பிக் கழுவேறத் துணிந்தவன் கதையாதலால், தடுக்கப்பட்ட மணத்தின் கதைமரபு ஒன்று நம் மேடையில் தொடர்ந்து வாழ்ந்துவந்தமை தெளிவு. புதுநாடகக்காரர் பழைய வடிவத்தை எடுத்தாண்டபொழுது அதன் உள்ளே இருந்த வாதத்தையும் உடன் பெற்றனர்.

பதிவு செய்யும் முறை

இலங்கையில் 1962 இல் வந்த சமுதாயம் தொடக்கம் எடுக்கப்பெற்ற தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சமூகக் கதைகளையே நாடின. யாழ்ப்பாணத்துப் பெண்ணின் மணப் பிரச்சினையை எடுத்துக்கொண்ட பொன்மணி (1977) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. நமது இசைநாடக மேடையின் முழுமையான உருவமோ படச்சுருளில் உரிய இடம் பெறவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1990 இல் காங்கேசன்துறையும் அயலூர்களும் வெறிதாயின. 1995 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. ஏட்டுப்பிரதிகளும் உடைப்பெட்டிகளும் ஆர்மோனியங்களும் வீடுகளோடு போயின. தருக்கத்தை மனத்தில் தாங்கியிருந்த அண்ணாவிமாரும் முதிர்ந்து ஒருவர்பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

இதற்கு மாறாக, 1980கள் தொடக்கம் நம்மவர் கலியாண வீடுகள் ஒவ்வொன்றும் வீடியோவில் முற்றமுழுதாகப் பதியப்பெற்று, கனடாவுக்கும் இலண்டனுக்கும் அனுப்பப்பெற்று வந்துள்ளன. பொன்னுருக்கல் முதற் கால்மாறிச் செல்லல் ஈறாக ஒரு சடங்கும் விடுபடுவதில்லை. கருவி இல்லை, பணம் இல்லை என்னும் சமாதானம் எனவே செல்லாது. வள்ளியின் மணத்துக்கோ இன்று கைபேசியில் இரண்டு நிமிடப் பாட்டு மட்டும் பதியப்படுகின்றது. பாட்டு முடிந்து வாதம் தொடங்குமிடத்தில் கை தாழ்ந்துவிடுகின்றது. 1945 இல் கலைக்கூடம் செய்ததனையே அறியாமல் நாமும் செய்கின்றோம்.

ஆதலால் மேடை நாடகத்தைப் படம்பிடிக்கும் முறை பற்றிச் சில கூறி அமைகின்றோம். ஒன்று, நாடகம் தொடங்கியது முதல் மங்களம் வரை வெட்டாமற் பதிதல் வேண்டும். ஓய்வும் தவறும் தடுமாற்றமும் பதிவில் இருத்தல் வேண்டும். இரண்டு, குறைந்தது ஒரு கருவியாவது அவையோரின் இடத்தில் அசையாது நின்று, வேலனையும் வள்ளியையும் ஆர்மோனியக்காரரையும் ஒரே சட்டகத்துள் காட்டுதல் வேண்டும். அண்மைக் காட்சிக்கு வேறொரு கருவி இருக்கட்டும். மூன்று, அவையோரின் ஆரவாரத்தையும் பதிதல் வேண்டும். தருக்கத்தின் தீர்ப்பு அங்கேதான் இருக்கின்றது. நான்கு, ஒரே நாடகத்தை ஓரிரவு மாத்திரமன்றி, வேறுபட்ட நடிகர் நடிக்கும் பல இரவுகளிற் பதிதல் வேண்டும். அவ்வாறு பதிந்தாலன்றி எது பனுவல், எது அன்றிரவுப் பேச்சு என்பதனைப் பிரித்தறிய இயலாது. ஐந்து, கலைஞரின் இசைவு பெற்று, அவர்தம் விளக்கத்தையும் தனியே கேட்டுப் பதிந்து, பதிவின் ஒரு பிரதியை அவர்களிடமும் ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்திலும் வைத்தல் வேண்டும். 1978 இல் நாடக அரங்கக் கல்லூரி தோன்றிய நாள் முதல் நாடகத்தைப் பாடமாகக் கற்றுவந்த சமூகத்துக்கு இஃது இயலாத செயலன்று.

வள்ளி திருமணம் என்னும் நாடகத்தின் உயிர் அதன் முடிவில் இல்லை. கடவுளை நோக்கி ஒரு குறமகள் 'ஏன்' என்று கேட்டு நிற்கும் அந்த நெடும்பொழுதில் இருக்கின்றது. அப்பொழுதினைச் சுருக்காமற் பதிந்து வைப்போமாயின், மணம் பேசுமுன் பெண்ணின் விடையைக் கேட்க வேண்டும் என்று வருங்காலத்தில் எண்ணுவோர்க்குத் தம் முன்னோரும் அவ்வாறு கேட்டிருந்தனர் என்னும் சான்று கையிலிருக்கும்.